உடம்பு கேட்கிறது

அன்புள்ள ஐயா,

போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘கிரேவிங்’ என்ற சொல் வருகிறது. ‘ஆசை’ என்று போட்டால் சப்பென்று இருக்கிறது. ‘ஏக்கம்’ என்றால் காதல் கடிதம் போலாகிவிடுகிறது. ‘தீவிர விருப்பம்’ என்பதில் அகராதி நெடி அடிக்கிறது. இந்தச் சொல்லின் வேர் என்ன? கல்லறையைக் குறிக்கும் ‘கிரேவ்’, கோழையைக் குறிக்கும் ‘கிரேவன்’ இரண்டோடும் இதற்கு உறவு உண்டா? தமிழில் எதைப் போடுவது?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உறவு விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். கல்லறைச் சொல்லும் இதுவும் தமிழ் எழுத்தில்தான் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆங்கிலத்தில் முதலெழுத்தே வேறு. கல்லறைச் சொல் ‘தோண்டு’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. ‘கிரேவன்’ முதலில் ‘தோற்றுப்போனவன்’ என்று பொருள்பட்டது. பழைய பிரெஞ்சு வழியாக வந்திருக்கக்கூடும் என்பது அறிஞர்கள் கருத்து. நம் சொல்லுக்கு இரண்டுமே சொந்தமில்லை.

‘கிரேவ்’ என்ற வினையின் பழைய ஆங்கில வடிவம் ‘கிராவியன்’. அதற்கு ஆசைப்படுதல் என்ற பொருளே கிடையாது. ‘உரிமையோடு கேள், வழக்குத் தொடுத்துக் கோரு’ என்பதுதான் பொருள். அதன் பிறந்த வீடு மனசு இல்லை, நீதிமன்றம். ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட எத்தல்ரெட் மன்னர் காலத்துச் சட்டத்தொகுப்பு ஒன்றில் இதன் எதிர்மறை வடிவம் ‘அன்கிராவோட்’ வருகிறது. ஒருவன் உயிரோடிருந்தவரை அவன் சொத்தின்மேல் யாரும் உரிமை கோராமல் இருந்தால், அவன் காலத்துக்குப் பின் அவன் வாரிசுகள்மேல் யாரும் வழக்காடக் கூடாது என்ற விதியில், ‘உரிமை கோரப்படாமல்’ என்பதற்குப் பயன்பட்ட சொல் அது.

ஐரோப்பாவின் வடக்கே இதன் உடன்பிறப்புகள் இன்றும் அந்தப் பொருளிலேயே வாழ்கின்றன. ஸ்வீடிஷில் ‘கிரேவா’ என்றால் கோருதல், ‘கிராவ்’ என்றால் கோரிக்கை. கட்டாத கடனைக் கட்டச் சொல்லி வரும் கடிதத்துக்குக் ‘கிராவ்ப்ரேவ்’ என்று பெயர். ஸ்காட்லாந்தில் வழக்காடுபவர் ஷெரிஃப் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவைப் பாருங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கும் பகுதிக்கு இன்றும் ‘கிரேவ்’ என்றே பெயர். இங்கிலாந்தின் பழைய வழக்குமன்றங்களில் ‘கிரேவ் ஆயர்’ என்றொரு நடைமுறை இருந்தது: பத்திரத்தைக் காட்டி ஒருவர்மேல் வழக்குப் போட்டால், அதைத் தன் காதுபட வாசிக்கச் சொல்லிப் பிரதிவாதி கேட்கலாம். மனுக்களில் ‘அனுமதி கோருகிறேன்’ என்ற இடத்தில் இந்த வினை இன்றும் வருவது இந்த மரபால்தான். அங்கே யாரும் அனுமதிக்காக ஏங்கவில்லை.

பிறகு பொருள் படிப்படியாக நகர்ந்தது. உரிமையோடு கேட்பது மன்றாடிக் கேட்பதாயிற்று, மன்றாடுவது அடங்காமல் விரும்புவதாயிற்று. இந்தக் கடைசிப் பொருள் சுமார் 1400 வாக்கில் நிலைபெற்றது. ஆனாலும் பழைய அதட்டல் சொல்லுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. ஏங்குவதைக் குறிக்கும் ‘யேர்ன்’, ‘லாங்’ என்ற ஆங்கிலச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இது புரியும். முன்னதன் அடி ‘ஆர்வமுள்ள’ என்று பொருள்படும் ஒரு பழைய பெயரடை. பின்னதன் மூலவினைக்கு ‘நீளமாதல்’ என்றும் பொருள் உண்டு. இரண்டிலும் காத்திருப்பு இருக்கிறது, அதட்டல் இல்லை. உங்களுக்கு ‘ஏக்கம்’ ஒட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஏக்கம் அந்த இரண்டுக்கும் பொருந்தும், கிரேவிங்குக்குப் பொருந்தாது.

இனி தமிழ். இங்கேதான் நமக்கு நல்ல வாய்ப்பு. கேட்பதையும் விரும்புவதையும் ஒரே வேரில் வைத்திருக்கும் மொழி இது. ‘வேண்டு’ என்றால் விரும்பு, ‘வேண்டு’ என்றாலே மன்றாடிக் கேள். ‘வேண்டுங்கால் வேண்டும் பிறவாமை’ என்ற குறளில் அது விருப்பம்; வேண்டுகோளில் அது கோரிக்கை. அதன் குடும்பத்தில் ‘வேள்’ என்றொரு பழைய வினை உண்டு. கேள், கேட்டு, கேட்கை என்பதுபோல வேள், வேட்டு, வேட்கை. ‘உண்ணு நீர் வேட்டேன்’ என்கிறது கலித்தொகை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று உடம்பு கேட்பது அது. புறநானூற்றின் 20ஆம் பாட்டு ‘வயவுறு மகளிர் வேட்டு உணின் அல்லது பகைவர் உண்ணா அருமண்’ என்று ஒரு நாட்டைப் புகழ்கிறது. கருவுற்ற பெண்கள் வேட்கையால் எடுத்துத் தின்றால் உண்டு, பகைவர் வாயில் போகாத மண். மருத்துவம் ‘பைக்கா’ என்று அழைக்கும் மண் தின்னும் வேட்கையையே அந்த ஒற்றை வினை சொல்லிவிடுகிறது. ‘வேட்கை’யைக் காமத்துக்கோ அறிவுக்கோ மட்டும் ஒதுக்கிவைத்தது பிற்காலப் பழக்கம். அதை மறுபடி உடம்புக்குக் கொண்டுவரலாம்.

எனவே தலைப்புக்கும் பெயர்ச்சொல்லாக வரும் இடங்களுக்கும் ‘வேட்கை’ போடுங்கள். ஆனால் வாக்கியங்களில் வினையாகவே எழுதுங்கள். பேச்சில் நாம் சொல்வது ‘உடம்பு கேக்குது’, ‘நாக்கு கேக்குது’. கிராவியனின் ஆதிப் பொருளும் அதுதானே! ‘மாலை ஆறு மணிக்கு எனக்குக் குடிக்க ஆசை வந்தது’ என்று எழுதினால் ஆசைப்பட்ட குற்றம் அந்த மனிதர்மேல் விழுகிறது. தமிழில் ஆசை என்பது ‘விட வேண்டிய’ ஒன்று, விடாதவன் பலவீனன். ‘மாலை ஆறு மணிக்கு உடம்பு குடியைக் கேட்டது’ என்றால் கேட்பது உடம்பு, கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பவர் அவர். கையேடு சொல்ல வருவதும் இதைத்தான். இந்த இடத்தில் எழுவாயை மாற்றுவது நடை அழகுக்காக இல்லை, அது சிகிச்சையின் பகுதி.

ஒரு வரியில் கண்டிப்பாகச் சிக்குவீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அளவுகோல்கள் தருகிறது. அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த அளவுகோல் கிரேவிங். அதே வரியில் ‘டிசையர்’, ‘அர்ஜ்’ இரண்டும் அடுத்தடுத்து வரும். மூன்றுக்கும் ‘ஆசை’ என்றே போட்டால் வரி சரிந்துவிடும். ‘வேட்கை, அதாவது அப்பொருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கடுமையான விருப்பமோ உந்துதலோ’ என்று மூன்றையும் பிரித்துவையுங்கள்.

‘மசக்கை’யை இரவல் வாங்காதீர்கள். அதில் குமட்டலும் வாந்தியும் சேர்ந்தே வரும், படிப்பவர் குழம்புவார். ‘வெறி’யும் வேண்டாம், அது ஆளையே வெறியன் ஆக்கிவிடும். ‘ட்ரிகர்’ வரும் இடத்தில் ‘தூண்டுதல்’ போட்டால், ‘அர்ஜ்’ வரும் இடத்தில் அதை மறந்தும் போடாதீர்கள். தூண்டுதல் வெளியிலிருந்து வருவது: ஒரு தெரு, ஒரு நண்பர், சம்பள நாள். உந்துதல் உள்ளிருந்து எழுவது. இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டால், எதைத் தவிர்ப்பது, எதைப் பொறுத்துக் கடப்பது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

அன்புடன்.