கட்டைவிரல் வந்த வழி

வணக்கம் ஐயா,

தாஜ் மஹால் என்ற பாடகரைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் அவர் பாடிய 1968ஆம் ஆண்டு முதல் தொகுப்பைக் கேட்டேன். மிகவும் பிடித்துப்போனது. அந்த வேகத்தில் 1974இல் வந்த 'மோ ரூட்ஸ்', 1999இல் வந்த 'குலஞ்சான்' இரண்டையும் கேட்டேன். ஒன்றில் ஜமைக்காவின் ரெக்கே இசை, இன்னொன்றில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு இசை. இவ்வளவு நல்ல ப்ளூஸ்காரர் ஏன் தன் இசையை இப்படிக் கலப்படம் செய்துகொண்டார்? எது விற்கிறதோ அதன் பின்னால் போனாரோ என்று தோன்றுகிறது.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

முதல் தொகுப்பு பிடித்ததில் மகிழ்ச்சி. ஆனால் 'கலப்படம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பாலில் தண்ணீர் ஊற்றுவது கலப்படம். பிரிந்துபோன பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்வதை அப்படிச் சொல்ல மாட்டோம் அல்லவா?

அவர் வளர்ந்த வீட்டைப் பாருங்கள். இயற்பெயர் ஹென்றி ஃபிரெடெரிக்ஸ். 1942இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தார். அப்பா கரீபியன் வழி வந்த ஜாஸ் பியானோக்காரர். அம்மா தெற்குக் கரோலினாக்காரர், தேவாலயத்தில் பாடியவர். உலகத்துப் பாட்டெல்லாம் வந்து விழும் ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றும் வீட்டில் இருந்தது. சிறுவனாக இருக்கும்போதே அப்பா டிராக்டர் விபத்தில் இறந்துபோனார். பிறகு வந்த மாற்றாந்தந்தையின் கிடாரைத்தான் பையன் முதலில் எடுத்து வாசித்தான். ப்ளூஸ் அவருக்கு அண்டை வீட்டிலிருந்து வந்தது, கரீபியத் தாளம் சொந்த வீட்டிலேயே இருந்தது. அப்படியிருக்க, ரெக்கேக்குப் போனார் என்பதைவிட அப்பா வழி உறவைத் தேடிப் போனார் என்று சொல்வதுதான் சரி.

விற்பனை பற்றிக் கேட்டீர்கள். 1974இல் ரெக்கே பாடகர் பாப் மார்லி அமெரிக்காவில் பெரிய பெயர் இல்லை. அந்த ஆண்டு ஆங்கிலேய ராக் கிடார்க்காரர் எரிக் கிளாப்டன் மார்லியின் ஒரு பாட்டைப் பாடி வெற்றி பெற்றார், உண்மைதான். தாஜ் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று: அடிமைகளை ஓட்டியவனைப் பார்த்து மார்லி பாடிய 'ஸ்லேவ் டிரைவர்'. சாட்டையடியும் கப்பலும் வருகிற பாட்டு. ஊரே ஆடட்டும் என்று யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். தொகுப்பும் பெரிதாக விற்கவில்லை. காசுதான் குறி என்றால் அடுத்த தொகுப்பிலேயே பழைய பாதைக்குத் திரும்பியிருப்பார். அவரோ இன்னும் ஆழமாகக் கரீபியன் பக்கம்தான் போனார்.

'குலஞ்சான்'தான் எனக்கு முக்கியம். அதில் மாலி நாட்டுக் கலைஞர் தூமானி ஜபாத்தே வாசிப்பது கோரா. பெரிய சுரைக்குடுவையைப் பாதியாக வெட்டி, மாட்டுத் தோல் போர்த்தி, நீண்ட கழியில் 21 தந்திகள் கட்டிய கருவி. தந்திகள் இரண்டு வரிசை. குடுவையின் முகம் தன்னைப் பார்க்க மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆட்காட்டி விரல், நான்கால் மட்டும் வாசிக்கிறார்கள். மற்ற விரல்கள் கைப்பிடியைப் பிடித்திருக்கும். கட்டைவிரல்கள் கீழ்ச்சுரத்தில் ஒரே வட்டத்தை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஆட்காட்டி விரல்கள் மேலே பாட்டைப் பிடித்துக்கொண்டு போகும்.

இப்போது தாஜ் மஹாலின் வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் அசையாத நடை போடுகிறது, இன்னொரு விரல் மேலே பாடுகிறது. பெரும்பாலோர் ஆட்காட்டி விரலைப் பயன்படுத்துவார்கள், இவர் நடுவிரலை. அவ்வளவுதான் வித்தியாசம். மிசிசிப்பிப் பருத்திக்காட்டுப் பாடகர்களின் கையும் இதே வேலையைத்தான் செய்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் சங்கிலியோடு ஏற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் கையில் கருவி எதையும் கொண்டுவரவில்லை, கை மட்டும்தான் வந்தது. அந்தக் கைக்குத் தெரிந்தது இருநூறு ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் தொகுப்பைக் கேட்கிறபோதெல்லாம் அந்த நம்பிக்கை கூடுகிறது.

எல்லா முயற்சியும் கூடிவந்தது என்று சொல்ல மாட்டேன். 1995இல் 'மும்தாஜ் மஹால்' என்ற பெயரில் நம் சித்ரவீணை ரவிகிரணோடும் மோகன வீணை விஸ்வமோகன் பட்டோடும் ஒரு தொகுப்பு செய்தார். சித்ரவீணையின் வழுக்கலும் ப்ளூஸ் கிடாரில் கண்ணாடிக் குழாய் இழையும் இழையலும் காதுக்கு நெருக்கமாகவே இருக்கின்றன. அழகான இடங்கள் உண்டு. ஆனால் மூவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிடுவதுதான் அதிகம், முட்டிக்கொள்வது குறைவு. மாலிக்காரர்களோடு அந்த மரியாதை தேவைப்படவில்லை. ஒருவர் தொடங்கியதை மற்றவர் பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறார்.

சரி, ஒன்று செய்யுங்கள். 'குயீன் பீ' என்ற பாட்டை அவர் 1997இல் 'சென்யோர் ப்ளூஸ்' தொகுப்பில் பாடியிருக்கிறார். அந்தத் தொகுப்புக்கு கிராமி விருதும் கிடைத்தது. முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் 'குலஞ்சான்' தொகுப்பில் அதே பாட்டு. ஹெட்போன் போட்டுக்கொண்டு, குரலை விட்டுவிட்டு கீழே ஓடும் கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். எந்த இடத்தில் கிடார் நின்று கோரா தொடங்குகிறது என்று உங்களால் பிரிக்க முடிகிறதா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.