துருவப் பனியும் வேனிற்காலச் சூரியனும்

கேள்வி: ஆர்க்டிக்கில் மாதக்கணக்கான இருளுக்குப் பிறகு சூரியன் திரும்பும்போது, தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் மறைந்துபோவதாகப் படித்தேன். அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டையும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. ஓசோன் ஓட்டை பல கிலோமீட்டர் உயரத்தில், பெரும்பாலும் மனிதர் தயாரித்த குளோரின் சேர்மங்களால் உண்டாவது. நீங்கள் கேட்பதோ தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்துக்குள், கடல் உப்பிலுள்ள புரோமினால் நிகழ்வது. கனடாவின் வடகோடியிலுள்ள அலர்ட் நிலையத்தில் 1980களில் நடந்த அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நூறு கோடியில் 30 முதல் 40 பங்கு வரை இருக்கும் ஓசோன், மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில மணி நேரத்திலேயே ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

இதில் பனி வெறும் விரிப்பாகக் கிடப்பதில்லை என்பதே என்னை மிகவும் வியக்கவைப்பது. கடலிலிருந்து வந்து பனியில் படிந்த புரோமைடு (உப்பிலுள்ள புரோமினின் வடிவம்), சற்றே அமிலத்தன்மை கொண்ட பனிப்பரப்பில் காற்றிலுள்ள, புரோமின் கொண்ட ஹைப்போபுரோமஸ் அமிலத்துடன் வினைபுரிந்து புரோமின் மூலக்கூறாக வெளியேறுகிறது. வெயில் அதை இரண்டு அணுக்களாகப் பிளக்க, அவை ஓசோனை அழித்துவிட்டு, மீண்டும் அதே அமிலமாக மாறிப் பனிக்குத் திரும்பி, புதிய புரோமைடை வெளியே இழுக்கின்றன. ஒரு புரோமின் அணு பனிக்குள் சென்றால் இரண்டு வெளியே வருவதால் இதனைப் 'புரோமின் வெடிப்பு' என்றே அறிவியலாளர் அழைக்கின்றனர். இருளில் மூலக்கூறு பிளவுபடாது; ஆகவேதான் சூரியனுக்காக இந்த வினை காத்திருக்கிறது. அலாஸ்காவின் பாரோவில் (இன்றைய உட்கியாக்விக்) செய்யப்பட்டு 2013இல் வெளியான சோதனைகள், கடல்நீர் உறைந்த கடற்பனியின் பரப்பைவிடத் தரைமேல் விழுந்த பனியே இதற்கு ஏற்ற களம் என்று காட்டின.

ஓசோனைவிடக் கவலை தருவது பாதரசம். நிலக்கரி எரிப்பு போன்றவற்றால் வெளியாகி, மாதக்கணக்கில் உலகைச் சுற்றும் பாதரச ஆவியை இதே புரோமின் அணுக்கள் ஆக்சிசனேற்றிப் பனியில் படியவைக்கின்றன. இதுவும் 1995இல் அலர்ட்டில்தான் முதன்முதலில் தெரியவந்தது. படிந்ததில் ஒரு பகுதி வெயிலில் மறுபடியும் ஆவியாகிவிடும். எஞ்சியது உருகுநீருடன் கலந்து, உணவுச் சங்கிலியில் மெத்தில் பாதரசம் என்னும் நச்சுச் சேர்மமாகச் செறிந்து, சீல்களையும் திமிங்கிலங்களையும் உண்டு வாழும் ஆர்க்டிக் பழங்குடிகளான இனுவிட் மக்களின் உடலை அடையக்கூடும். தொழிற்சாலை ஏதுமற்ற ஊர்களுக்கு இந்தச் சுமை வந்து சேர்வது பெரும் அநீதி.

கேள்வி: பனியே வேதிவினை புரியுமானால், பழங்காலக் காற்றைப் பற்றி ஆழ்பனி (ஆழத்தில் புதைந்த பழைய பனி) சொல்வதை நம்பலாமா?

பதில்: பொருளைப் பொறுத்தது. அண்டார்க்டிகப் பனிக்குமிழ்களில் அடைபட்ட கார்பன் டைஆக்சைடு நம்பகமான சான்று. பனியில் படியும் நைட்ரசன் சேர்மமான நைட்ரேட் அப்படியல்ல: கோடையின் இடைவிடாத வெயிலில் புற ஊதாக் கதிர் அதைச் சிதைத்து நைட்ரசன் ஆக்சைடுகளாகக் காற்றில் கலக்கிறது. பனிப்பொழிவு மிகக் குறைந்த, அண்டார்க்டிகாவின் டோம் சி போன்ற மேட்டுப்பகுதிகளில், புதைவதற்கு முன்பே பெரும்பகுதி இழந்துபோகிறது. ஆயினும் எஞ்சும் நைட்ரேட்டில் நைட்ரசனின் கனமான அணுவகையான நைட்ரசன்-15 கூடுதலாகத் தங்குவதால், அதை அளந்து இழப்பின் அளவை ஓரளவு கணிக்க முடிகிறது.