கட்டடத்துக்குக் கொடுத்த ஒப்புதல் மரத்துக்கான ஒப்புதல் ஆகாது

கேள்வி: மும்பை செம்பூரில் 1968-இல் கட்டப்பட்ட கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் குடியிருப்பில் வசிக்கிறேன். கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒப்புதல் அளித்துவிட்டார்கள். நானும் கையெழுத்திட்டேன். வளாகத்தில் 19 மரங்கள் இருக்கின்றன. இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு பலாவும் நாங்கள் குடிவந்த நாளிலேயே பெரிய மரங்களாக நின்றவை. நான்கு நாட்களுக்கு முன் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் மாநகராட்சியின் அறிவிப்பு மராத்தியில் ஒட்டப்பட்டிருந்தது. மறுநாள் அதைக் காணவில்லை. தெருப்பக்கம் நிற்கும் மற்றொன்றின் அடியில் துளையிட்ட தடங்கள் தெரிகின்றன; இலைகளும் கொட்டுகின்றன. "மறுமேம்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் மரத்துக்காக ஆட்சேபிக்க முடியாது" என்கிறார் சங்கச் செயலாளர். எனக்கு 67 வயது. நீதிமன்றம் ஏறி இறங்க உடம்பிலும் கையிலும் வலு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அம்மா, செயலாளர் சொன்னது சட்டப்படி தவறு. அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியம்தான் உங்களை இந்த நான்கு நாட்களும் தயங்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் கையெழுத்திட்டது, கட்டடத்தை மறுமேம்பாடு செய்யச் சங்கம் எடுத்த முடிவுக்கு. மரங்களை வெட்டலாமா, எத்தனையை வெட்டலாம், எவற்றை விட்டுவைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கும் கிடையாது, கட்டுமான நிறுவனத்துக்கும் கிடையாது. மகாராஷ்டிரத்தின் நகர்ப்புறங்களில் அந்த அதிகாரம், 1975-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாநகராட்சியின் மர ஆணையத்திடமும் அதன் மர அலுவலரிடமும் இருக்கிறது. மரம் தனியார் நிலத்தில் நின்றாலும் அனுமதி கட்டாயம். ஆட்சேபம் தெரிவிக்க நீங்கள் அந்த வளாகத்தின் உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை. எதிர்த் தெருவில் வசிப்பவரும் தெரிவிக்கலாம். உறுப்பினர் என்பதால் உங்கள் உரிமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இப்போது அவசரமான பகுதிக்கு வருகிறேன். சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, வெட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், மர அலுவலர் மரத்தை நேரில் பார்வையிட்டு விசாரிக்க வேண்டும். நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த மரத்திலேயே கண்ணில் படும்படி அறிவிப்பு ஒட்டவும் வேண்டும். நீங்கள் பார்த்தது அந்த அறிவிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆட்சேபத்துக்கான கெடு அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். மும்பையில் அது வழக்கமாக ஏழு நாட்கள். உங்களுக்கு நான்கு நாட்கள் போய்விட்டன. ஆகவே இக்கடிதத்தின் மற்ற பகுதிகளைப் பிறகு படித்தாலும் குற்றமில்லை; ஆட்சேபக் கடிதத்தை நாளை காலையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஒரு படியை உங்கள் பகுதிக்குரிய ‘எம் மேற்கு’ (M West) வார்டு அலுவலகத்தின் தோட்டப் பிரிவிலும், இன்னொரு படியைப் பைகுல்லா ஜிஜாமாதா பூங்கா வளாகத்தில் இயங்கும் தோட்டத் துறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் கொடுத்து, உங்கள் கைப்படியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நேரில் போக இயலாவிட்டால் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கிழிக்கப்பட்ட அறிவிப்பைப் பற்றியும் அதில் எழுதுங்கள்: எந்த நாளில் பார்த்தீர்கள், எந்த நாளில் காணாமற்போனது, அதைப் பார்த்த வேறு யார் இருக்கிறார்கள் என்று. ஏழு நாளும் மக்கள் கண்ணில் படாத அறிவிப்பு அறிவிப்பே ஆகாது, மறுபடி ஒட்டிக் கெடுவைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று கேட்பது நியாயமான, வலுவான வாதம்.

"மரங்கள் வேண்டும், வெட்டாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் கோப்பில் உறங்கிவிடும். மர அலுவலர் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்விகளை எழுத வேண்டும். 19 மரங்களில் எவையெவை கட்டடம் எழும்பும் இடத்தில் நிற்கின்றன, எவை சுற்றுச்சுவர் ஓரத்தில் நிற்கின்றன என்று தனித்தனியே எண்ணிட்டுக் காட்டுங்கள். நான் பார்த்த மறுமேம்பாட்டு வரைபடங்கள் பலவற்றில், கட்டடத்துக்குத் தடையாக நிற்கும் மரங்களைவிட, வாகன நிறுத்தத்துக்கும் லாரி உள்ளே வரும் வழிக்கும் தடையாக நிற்கும் மரங்களே வெட்டும் பட்டியலில் மிகுதி. வாயிற்கதவைப் பத்தடி தள்ளி வைத்தால் பிழைக்கக்கூடிய மரத்தை வெட்ட அனுமதி கொடுக்க என்ன காரணம் என்று கேட்பதற்கு, அந்த வரைபடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960 சங்க ஆவணங்களைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை தருகிறது. அதைச் சுட்டிக்காட்டி வரைபடத்தின் நகலைச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மரங்கள் தொடர்பான விண்ணப்பத்தின் நகலை மர அலுவலரிடம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதும் நல்லதுதான், ஆனால் அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

மரங்களின் வயதே உங்கள் தரப்பின் பெரிய பலம். 2021-இல் இச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் வயதான மரங்களைப் பாரம்பரிய மரங்களாக ஏற்கிறது. வெட்டப்படும் மரத்தின் வயது எவ்வளவோ அத்தனை கன்றுகளை ஈடாக நட வேண்டும் என்றும் அது சொல்கிறது. அவையும் ஆறு முதல் எட்டு அடி உயரம் உள்ளவையாக இருக்க வேண்டும். உங்கள் மூன்று பழைய மரங்களுக்கும் ஆளுக்கு அறுபது வயது என்று வைத்துக்கொண்டாலும் 180 மரங்கள் நட வேண்டும். புதிய கட்டடம் எழும்பப்போகும் வளாகத்தில் 180 மரங்களுக்கு மண் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எங்கே நடுவார்கள், யார் தண்ணீர் விடுவார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வராமல் அனுமதி கொடுக்கக் கூடாது என்று வலியுறுத்துங்கள். வயதை நிரூபிக்கப் பழைய குடும்பப் படங்களைத் தேடுங்கள். வளாகத்தில் நடந்த வளைகாப்பு, பிள்ளையார் சதுர்த்தி, குழந்தைகளின் பிறந்தநாள் என எந்தப் படத்தின் பின்னணியில் அந்தத் தூங்குமூஞ்சி தெரிந்தாலும் அது சான்று. தேதி அச்சான படம் இன்னும் நல்லது. ஒவ்வொரு மரத்தையும் மார்பு உயரத்தில் நூல் சுற்றி அளந்து அந்தச் சுற்றளவையும் எழுதிவையுங்கள்.

துளையிட்ட மரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். அதுவே உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்த வரி. சட்டம் இங்கே உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. 'மரத்தை வெட்டுதல்' என்ற சொல்லுக்கு இச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு தரும் பொருளில் எரிப்பதும் அடங்கும், எவ்வகையிலாவது மரத்துக்குச் சேதம் விளைவிப்பதும் அடங்கும். அடிமரத்தில் துளைபோட்டு ரசாயனம் ஊற்றுவது, பட்டையை வளையமாக உரிப்பது, வேரை மூடிச் சிமெண்டு பூசுவது எல்லாம் அனுமதியின்றி வெட்டியதற்குச் சமம். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், பட்டுப்போன மரத்தை அகற்ற அனுமதி எளிதில் கிடைக்கும். பாரம்பரிய மரம் என்ற பேச்சோ 60 கன்றுகளோ வராது. ஆனால் ஒன்றை நிதானமாக நினைவில் வையுங்கள்: தூங்குமூஞ்சி மரம் இயல்பாகவே ஆண்டில் ஒரு பருவத்தில் இலை உதிர்க்கும், மும்பையில் மாவுப்பூச்சி தாக்கி இந்த இன மரங்கள் பல பட்டுப்போயும் இருக்கின்றன. எனவே புகாரில் யார் பெயரையும் குற்றவாளியாக எழுதாதீர்கள். துளைகள் எத்தனை, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்த நாளில் பார்த்தீர்கள் என்ற உண்மைகளை மட்டும் எழுதி, தேதியும் இடமும் பதிவாகும் வகையில் படம் எடுத்து இணைத்து, மர அலுவலர் நேரில் வந்து, சாட்சிகள் முன்னிலையில் பார்த்ததைப் பதிவுசெய்யும் பஞ்சநாமா எழுதிப் பட்டையிலும் மண்ணிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். அதே புகாரின் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். 21-ஆம் பிரிவின் கீழ் இது சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஒரு வாரம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு, அபராதமும் உண்டு, ஒவ்வொரு மரமும் தனித்தனிக் குற்றமாகக் கணக்கில் வரும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். மரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசியிருந்தால் அதை உடைத்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய ஒரு வாதத்துக்கு நீங்கள் நேர்மையாகத் தயாராக வேண்டும். மரம் விழுந்து உயிர் போனால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அது வெறும் சாக்கு அன்று. 2017 ஜூலையில் உங்கள் செம்பூரிலேயே, நடந்து சென்றுகொண்டிருந்த ஒரு பெண்மணியின் மேல் தென்னை மரம் விழுந்து அவர் உயிரிழந்தார். அந்த மரத்தை அகற்ற வேண்டும் என்று குடியிருப்போர் கேட்டிருந்தும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. உடனடி ஆபத்தான மரத்தை அகற்ற இச்சட்டமே இடம் தருகிறது, தரவும் வேண்டும். ஆகையால், 19 மரங்களில் உண்மையிலேயே உளுத்துப்போனது ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு மரவியல் அறிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று கேளுங்கள். அப்படிப் பிரித்துப் பேசும் ஆட்சேபத்தை அலுவலர்களும் நீதிபதிகளும் மதித்துக் கேட்பதை நான் கண்டிருக்கிறேன்.

வேறு இடத்துக்குப் பெயர்த்து நடுகிறோம் என்ற உறுதிமொழி வந்தால் எளிதில் இணங்கிவிடாதீர்கள். மெட்ரோ பணிகளுக்காக மும்பையில் பெயர்த்து நடப்பட்ட மரங்களில் கணிசமானவை பிழைக்கவில்லை.

இனி நாட்கணக்கு. விண்ணப்பத்தின் மேல் 60 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகம் சும்மா இருப்பதே எதிர்த்தரப்புக்கு அனுமதியாகிவிடும் என்பதால், விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது என்பதைத் தெரிந்துகொண்டு, 60-ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அனுமதி கொடுக்கப்பட்டாலும் 15 நாள் கழியாமல் மரத்தில் கோடரி படக் கூடாது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் செல்ல இருக்கும் இடைவெளி அதுதான். அந்த 15 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதே, மும்பையின் ஆரே பகுதி மரங்களைப் பற்றிய வழக்கில் பெரும் சர்ச்சையானது. 2019 அக்டோபர் 4-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே மெட்ரோ பணிமனைக்காக ரம்பங்கள் ஓடத் தொடங்கின. சட்ட மாணவர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் அக்டோபர் 7-ஆம் தேதி தடை விதித்தபோது 2,141 மரங்கள் சாய்ந்துவிட்டிருந்தன. பின்னர், 84 மரங்களுக்கு மட்டும் பெற்ற அனுமதியை மீறிக் கூடுதல் மரங்களுக்கு விண்ணப்பித்ததற்காக, 2023 ஏப்ரலில் மெட்ரோ நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில், தாஜ்மகால் பாதுகாப்பு வளையத்துக்குள் 454 மரங்களை அனுமதியின்றி வெட்டிய வழக்கில், மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இந்தத் தீர்ப்புகளை உங்கள் கடிதத்தில் சுட்டிக்காட்டுங்கள், அவற்றுக்கு எடை உண்டு. ஆனால் அபராதம் கட்டப்பட்ட இடங்களில் மரங்கள் இல்லை அம்மா. அதனால்தான் தேதிகளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அனுமதி வந்துவிட்டால், உங்கள் ஆட்சேபத்துக்குக் காரணம் காட்டிப் பதில் அளிக்கப்படவில்லை என்பதை முன்வைத்து, அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து இடைக்காலத் தடை கோர வேண்டும். செலவை நினைத்து அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். முத்திரையிட்ட ஆட்சேபக் கடிதம், படங்கள், காவல் நிலையப் புகாரின் நகல் ஆகிய மூன்றும் கையில் இருந்தால், அந்த வழக்கறிஞர் ஒரே நாளில் மனுவைத் தயாரித்துவிட முடியும்.

நாளை வார்டு அலுவலகம் போகும்போது அண்டை வீட்டார் ஒருவரையாவது துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்; கடிதத்தில் அவரும் கையெழுத்திடட்டும். மறுமேம்பாட்டை நீங்கள் எதிர்க்கவில்லை, வரைபடத்தைத்தான் மாற்றச் சொல்கிறீர்கள் என்ற வரியை முதல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.