லேபிள மறைச்சா குட்டு வெளிப்படுமா?

கேள்வி: காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ரொம்ப வருஷம் கழிச்சு டின்னருக்கு கூடுறோம், பாட்டில மறைச்சு வச்சு ஒயின் டேஸ்ட் பண்ணலாம்னு பிளான். காஸ்ட்லி சரக்கு எதுன்னு தெரிஞ்சிடுமா சார்?

பதில்: பெரிய ஆளுங்களே கோட்டை விட்ட இடம் இது! 1976-ல பாரிஸ்ல இப்படித்தான் லேபிள் தெரியாம ஊத்திக் குடுத்தாங்க, பிரெஞ்சு ஜட்ஜுங்க மார்க் போட்டு முடிச்சா ரெட், ஒயிட் ரெண்டுலயும் ஃபர்ஸ்ட் வந்தது கலிஃபோர்னியா, அதுல ஒருத்தர் கலிஃபோர்னியா ஒயிட்ட குடிச்சிட்டு பிரான்ஸ் சரக்குன்னே நினைச்சாராம்! நீங்க பாட்டில கழுத்து வரைக்கும் பேப்பர் சுத்தி நம்பர் போடுங்க, மேல இருக்கிற ஃபாயிலயும் உரிச்சிடுங்க, அதுவே காட்டிக் குடுத்திடும். முக்கியமா, வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் மார்க்க எழுதிடணும், இல்லன்னா சத்தமா பேசுற ஃப்ரெண்டு சொல்றதுதான் தீர்ப்பு (எல்லா செட்லயும் ஒருத்தன் இருப்பான்). காரமான ஐட்டம் எல்லாம் அப்புறம்.