புகையிலையில் சாம்பல் நோய்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வேடசந்தூர் பக்கம் மெல்லும் புகையிலை நட்டு ஏழு வாரம் ஆகிறது. அடி இலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளையாக இருக்கிறது. மருந்துத் தூளா, நோயா?

பதில்: நோய்தான். மருந்துத் தூள் என்றால் மேல் இலையிலும் படிந்திருக்கும். அடி இலையில் திட்டுத் திட்டாகத் தொடங்கி மேலே ஏறுவது சாம்பல் நோய், பூஞ்சையால் வருவது. மருந்துக் கடைக்கு ஓடும் முன் அந்த இலைகளைக் கிள்ளி, வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். வரப்பில் போட்டால் காற்று பூஞ்சையின் வித்துகளை, அதாவது அது பரவும் நுண்தூளை, திரும்பக் கொண்டுவந்துவிடும். அப்புறம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியின் 50 சதத் தூளை லிட்டருக்கு 1 கிராம் கலந்து, அடி இலை நனையத் தெளியுங்கள்.

கேள்வி: மழையே இல்லையே, பூஞ்சை எப்படி வந்தது?

பதில்: நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். இந்தப் பூஞ்சைக்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, ஈரக்காற்றே போதும். பலத்த மழை வித்துகளைக் கழுவிவிடும் என்பதுகூட உண்மை. மார்கழிக் குளிர், மூட்டமான வானம், நெருக்கி நட்டதால் வெயில் படாத அடி இலை, இவை சேர்ந்தால் வந்துவிடும். இலை பெருக்கட்டும் என்று யூரியாவைக் கூட்டிப் போடாதீர்கள். கொழுத்த இலையில்தான் நோய் வேகமாகப் பிடிக்கும். மருந்தைவிட இடைவெளியையும் உர அளவையும்தான் நான் நம்புகிறேன்.

கேள்வி: கந்தகத் தூள் தூவலாமா, அண்ணா?

பதில்: மண்ணில் மட்டும், தம்பி. நட்ட ஆறாவது வாரம் ஏக்கருக்கு 16 கிலோ, வரிசைகளுக்கு இடையே. இலையில் படவே கூடாது, சரக்கின் தரம் கெட்டுவிடும்.

கேள்வி: அறுத்த இலையைப் பாடம் போட்டால், அதாவது உலர்த்திப் பதப்படுத்தினால், திட்டு மறையுமா?

பதில்: மறையாது. பழுப்பாகி, இலை காகிதம்போல மெலியும்.

கேள்வி: ஐரோப்பாவை அழித்த நீலப் பூஞ்சை இதுதானா?

பதில்: இல்லை. அது பெரோனோஸ்போரா, அடிச்சாம்பல் வகை. இலையின் அடிப்பக்கம் நீலச் சாம்பல் நிறத்தில் பூக்கும். 1960 வாக்கில் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பா முழுக்கப் பரவியது. அது உண்மையான பூஞ்சைகூட இல்லை, அதனால் கார்பன்டாசிம் அதற்குக் கேட்காது.

கேள்வி: அறுவடைக்குப் பின் கட்டைகளை விட்டுவைக்கலாமா?

பதில்: வேண்டாம். சாம்பல் நோய்ப் பூஞ்சை பச்சை இலையில்தான் வளரும். கட்டை துளிர்த்தால் அதற்குச் சாப்பாடு போட்ட மாதிரி. கடைசி இலை எடுத்த கையோடு உழுதுவிடுங்கள்.