குன்னூர் ஓதத்தில் 200 டிஸ்க்: எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: "சென்னையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்திருக்கிறோம். அப்பா சேர்த்துவைத்த விசிடி, டிவிடி, கொஞ்சம் ப்ளூ-ரே என்று 200 டிஸ்க் கூடவே வந்துவிட்டன. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு இனி டவுன்லோட் செய்தே பார்த்துக்கொள்ளலாமா? எப்படிப் பார்த்தாலும் படம் ஒன்றுதானே?"

போடாதீர்கள். குறைந்தபட்சம் ஒரு ஐப்பசி மழையை இங்கே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் ஊட்டி இந்து நகர்க்காரன். கல்லூரி நாட்களில் சாயங்காலம் ஒரு சிடி வாடகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வீட்டில் ஃபைபர் இணைப்பு, இரண்டு ஓடிடி சந்தா, பீரோவில் 140 டிஸ்க் எல்லாம் இருக்கின்றன. அதனால் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்க வரவில்லை.

முதலில் கரண்ட் விஷயம். இந்த மலையில் கரண்ட் போகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பி மேல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர் கேபிளும் அதே கம்பங்களில்தான் தொங்கிக்கொண்டு வருகிறது. ஆக, மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். லைன்மேன் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டே கம்பியைச் சரிசெய்து கரண்டைக் கொடுத்துவிடுவார்கள். கேபிள்காரர் வந்து அறுந்த இழையை ஒட்ட இன்னும் இரண்டு நாள் ஆகும். செல்போன் டவரும் பேட்டரி தீரும்வரைதான். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அந்த வாரம் எங்கள் வீட்டில் நெட் வர ஆறு நாள் ஆனது. இன்வெர்ட்டர் இருந்ததால் ராத்திரிக்கு ஒரு படம் என்று ஓட்டினோம். 32 இன்ச் எல்.இ.டி. டிவியும் டிவிடி ப்ளேயரும் சேர்ந்தே 80 வாட்டுக்குள்தான் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரிக்கு அது ஒரு பாரமே இல்லை. (குரங்கு டிஷ் ஆண்டெனா வயரைப் பிடுங்குவது தனிக் கதை. உங்களுக்கும் சீக்கிரம் நடக்கும்.)

"அதற்குத்தான் டவுன்லோட் செய்து வைக்கிறோமே" என்பீர்கள். ஓடிடி ஆப்பில் டவுன்லோட் என்பது பெரும்பாலும் போனுக்குள், டேப்லெட்டுக்குள் இறங்குவது. ஃபைலாக எடுத்துப் பென் டிரைவில் போட முடியாது. நிறைய ஆப்களில் அந்தப் படத்தை டிவிக்கு அனுப்பவும் முடியாது. அதற்கும் காலக்கெடு உண்டு. யூடியூபில் வாடகைக்கு எடுத்தால் 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மழைக்கென்று சேமித்துவைத்த படம் மழை வரும் நாளில் காலாவதியாகிப் பல்லிளிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, டிஸ்க் பக்கம் மட்டும் எல்லாம் சுகமா? இல்லை. டிஸ்க்குக்கு இங்கே பரம எதிரி ஓதம். சென்னையில் உங்கள் அப்பா இருபது வருடம் காப்பாற்றியதைக் குன்னூர் இரண்டே வருடத்தில் பாழாக்கிவிடும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுச் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும், தோல் செருப்பு பச்சையாகிவிடும், பீரோவைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் உள்ளே பூசணம் குடியேறிவிட்டது என்று பொருள்.

என் அப்பா இங்கே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960-ல் உருவான நிறுவனம். சினிமாவுக்கும் எக்ஸ்-ரேவுக்கும் வேண்டிய பிலிமை இந்த மலையிலேயே செய்தார்கள். எங்கள் நகருக்கு அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார் அப்பா. கூடவே இன்னொன்றும் சொல்வார்: "குளிர் நல்லதுதான்டா, ஈரம்தான் ஆகாது." பிலிம் மேல் பூசுவது ஜெலட்டின். பூசணத்துக்கு அது விருந்துச் சாப்பாடு. அதனால் வீட்டு ஆல்பத்தைக்கூட அவர் தகர டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத்தான் வைப்பார். அந்த நீல மணிகள் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்தால் வாணலியில் போட்டு மிதமாகச் சூடுகாட்டி மறுபடி நீலமாக்குவார். அம்மா சமையலுக்கு வைத்திருந்த வாணலி. அந்தச் சண்டை பல வருடம் நடந்தது.

டிஸ்க் பாலிகார்பனேட். அதைப் பூசணம் என்ன செய்யும் என்று நானும் ஒரு காலத்தில் அலட்சியமாக இருந்தேன். 2001-ல் பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை உள்ளே புகுந்த பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அது அபூர்வம். நம் வீடுகளில் நடப்பது வேறு: கவருக்குள் இருக்கும் காகிதத்தில் முதலில் பூசணம் பிடிக்கும், அங்கிருந்து டிஸ்க் முகத்தில் சிலந்தி வலை மாதிரிப் படரும். அதைத் துடைத்துவிடலாம். துடைக்க முடியாதது, விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போய் அலுமினியப் பூச்சை அரிப்பது. டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் வெளிச்சம் வரும் புள்ளிகள் இருந்தால் அந்த டிஸ்க்கின் ஆயுள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிடி, விசிடியில் படம் பதிந்திருக்கும் அடுக்கு, பெயர் அச்சடித்த மேல் பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் நகம் கீறினாலே படம் போய்விடும். நாம் பொத்திப் பொத்தி வைப்பது பளபளக்கும் கீழ்ப் பக்கத்தை! டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது; பதிவு நடுவில் சாண்ட்விச் மாதிரி இருக்கிறது. ஓதத்தில் மூன்றிலும் அதிகம் தாங்குவது அதுதான் என்பது கடையிலும் வீட்டிலும் நான் கண்டது. ப்ளூ-ரேயில் பதிவு கீழ்ப் பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்காகவே அந்தப் பரப்பின்மேல் கெட்டியான பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

நான் செய்வது இதுதான். டிஸ்க்குகளை வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் நிற்கவைத்து அடுக்கியிருக்கிறேன். கீழ்த்தட்டில் ஒரு 15 வாட் குண்டு பல்பு. மழைக்காலத்தில் அது ராத்திரி முழுக்க எரியும். எல்.இ.டி. பல்பு போட்டால் பிரயோஜனம் இல்லை, நமக்கு வேண்டியது வெளிச்சமில்லை, சூடு. வெயில் வந்தால் கதவைத் திறந்துவிடுவேன். அப்புறம், மார்கழி காலையில் ப்ளேயரைப் போட்டதும் "நோ டிஸ்க்" என்று காட்டினால் பதறாதீர்கள். லென்ஸில் நீர் கோத்திருக்கும். பிளக்கைப் போட்டு ஆன் செய்தபடி அரைமணி நேரம் விட்டால் தானே சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல ப்ளேயரைத் தூக்கிப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இனி "படம் ஒன்றுதானே" என்ற கேள்வி. உங்கள் 200-லேயே மூன்று ரகம் கலந்திருக்கிறது. விசிடி 352 x 288, அதாவது ஒரு லட்சம் புள்ளி. டிவிடி 720 x 576, நாலு லட்சம் சொச்சம். ப்ளூ-ரேயும் ஓடிடியின் ஃபுல் எச்.டி.யும் இருபது லட்சம். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்கத் தொடங்கியபோது எங்கள் கடையில் வாடகை எடுக்க ஆளே குறைந்துபோனது. அந்த 28 ரூபாய் விசிடிகள் இன்றைய பெரிய டிவியில் கஞ்சி மாதிரித் தெரியும். அவற்றை மட்டும் யோசிக்காமல் கழித்துவிடலாம், அந்தப் படம் வேறெங்கும் கிடைக்காது என்றாலொழிய.

புள்ளிக் கணக்கில் ப்ளூ-ரேயும் ஓடிடியும் சமம். ஆனால் நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்.டி.க்கு 5 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 5 மெகாபிட்) வேகம் போதும் என்கிறது. ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். ஓடிடியில் வருவது புதிய சுருக்கும் முறை, குறைந்த டேட்டாவில் நன்றாகவே காட்டும் என்பது உண்மைதான். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் எனக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

பனிமூட்டக் காட்சி வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தினமும் ஜன்னலில் பனியைப் பார்க்கிறவர்களை ஏமாற்ற முடியாது. மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போய் மரம் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அந்தச் சாம்பல் நிறம், ஓடிடியில் பட்டை பட்டையாகப் பிரிந்து தேயிலைத் தோட்டத்து வரப்பு மாதிரி நிற்கும். சுருக்கும்போது ஒன்றுக்கொன்று நெருக்கமான நிறங்களை எல்லாம் ஒரே நிறமாக்கிவிடுவதால் வருவது இது. சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டில் உட்கார்ந்தால் இன்னும் மோசம், பனி சதுரம் சதுரமாக நகரும். அதே காட்சி ப்ளூ-ரேயில் பனியாகவே இருக்கும். இருட்டான காட்சிகளிலும் இதே கதைதான். ஒலியிலும் ப்ளூ-ரே பெரும்பாலும் சுருக்கி இழக்காத முழு ஒலியைத் தரும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது வீண், நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு மழைச் சத்தமே வேறு.

எங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி, கேத்தி ரயில் நிலையத்தில் மழையில் எடுத்தது (மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை), அதைப் போட்டுவிட்டு ரிமோட்டோடு உட்காருவார். ஊரே கண்ணீர் விடும் இடத்தில் அம்மா படத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓரத்தில் தெரியும் ஆட்களைப் பார்ப்பார். "இது நம்ம பெரியப்பா வீட்டுக்குப் பால் ஊத்துனவரு மாதிரி இல்ல?" நாலடி பின்னால் ஓட்டு, மறுபடி நிறுத்து. ஆப்பில் நிறுத்தினால் திரையின்மேல் படத்தின் பெயர், கோடு, பட்டன் எல்லாம் வந்து முகங்களை மறைத்துவிடுகின்றன என்று அவருக்கு ஆத்திரம். டிவிடியில் நிறுத்தினால் படம் மட்டும் நிற்கும். நாலு லட்சம் புள்ளி அவருக்குப் போதும். பால்காரர் யாரென்று இன்னும் முடிவாகவில்லை.

"வாங்கு" என்று பட்டன் போட்டு டிஜிட்டலாக விற்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அங்கே வாங்குவது பார்க்கும் உரிமம்தான். இதை வெளிப்படையாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2025-லிருந்து சட்டமே வந்துவிட்டது. நான் ஒரு ஆப்பில் காசு கொடுத்து வாங்கிய மூன்று படங்கள், அந்தக் கடை மூடியதோடு போயின. டிஸ்க் கம்பெனியும் மூடத்தான் செய்யும். மோசர் பேயரையே 2018-ல் கலைக்கச் சொல்லி உத்தரவானது. ஆனால் அவர்கள் விற்ற டிவிடி இன்றும் என் பீரோவிலிருந்து ஓடுகிறது.

ஆகவே 200-ஐயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் (கிடைத்தால்) வெளியே எடுங்கள். ப்ளூ-ரே எல்லாவற்றையும் வையுங்கள். டிவிடியில் மறுபடி பார்ப்பீர்கள் என்று தோன்றுவதையும், ஓடிடியில் தேடிக் கிடைக்காத பழைய படங்களையும் வையுங்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் வாணலிச் சண்டை உங்கள் வீட்டிலும் நடக்கும். புதுப் படம், ஒருதரம் பார்த்து மறக்கும் படம் எல்லாம் ஓடிடியிலேயே இருக்கட்டும், அதற்கெல்லாம் அலமாரி கட்டி மாளாது. பூசணம் பிடித்தவற்றைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப் விட்டுக் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். பதிவு வட்டப் பாதையில்தான் ஓடுகிறது, அதே திசையில் கீறல் விழுந்தால் ப்ளேயரால் இட்டுநிரப்ப முடியாது. பழைய காகிதக் கவர்களை எறிந்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு புது பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது டிஸ்க் அனுப்புகிறேன் என்றால் மண்டலக் குறியீட்டை (எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்பதற்கான அடையாளம்) கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு டிவிடியில் 5, ப்ளூ-ரேயில் சி. அமெரிக்காவிலிருந்து வருவது 1, ஏ. 4கே ப்ளூ-ரேக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்று. டிஸ்க்கைவிட ப்ளேயர் கிடைப்பதுதான் இனிக் கஷ்டம். பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் புது ப்ளேயர் கொண்டுவருவதை விட்டுக்கொண்டிருக்கின்றன. வீடு மாறும் அவசரத்தில் அப்பாவின் ப்ளேயரை ஏற்கெனவே எடைக்குப் போட்டிருந்தால், இன்றைக்கே போய்க் கேட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். ரிமோட்டையும் சேர்த்து.