காணியை ஈடு வைக்காதீர்கள், அம்மா

மகனின் படிப்புக்கு யோசனை கேட்டு, கிளிநொச்சியிலிருந்து அவனுடன் என்னிடம் வந்த அம்மா, கதிரையில் இருந்ததும் அழுதார். உயர்தரம் உயிரியல் பிரிவு, இரண்டு தடவை எழுதியும் மருத்துவபீடம் எட்டவில்லை. கனடாவில் இருக்கும் அம்மாவின் அண்ணர் கொழும்பில் தனியார் பட்டப்படிப்புக்குச் சேர்க்கச் சொல்கிறாராம். கட்டணத்துக்குப் பரந்தன் வயலை ஈடு வைக்க வேண்டும். மகனிடம் எது பிடிக்கும் என்று கேட்டேன். “இறைச்சி வெட்டுவது” என்றான். அம்மாவின் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

அம்மா, இனி ஆறுதல் சொல்லப் போவதில்லை. மூன்றாம் தடவை எழுத இடமுண்டு. அவனே வேண்டாம் என்கிறான். அண்ணர் காசு அனுப்பினால் அது வேறு பேச்சு. இதுவரை புத்திமதி மட்டும்தான் வந்திருக்கிறது. வயலைத் தொடாதீர்கள்.

ஞாயிறுகளில் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆடு அறுத்துப் பங்கு போடும்போது கிடாயை உரித்துப் பிரிப்பவன் இவன்தான். தொடைச் சந்தில் கத்தி நுனியை விட்டு, எலும்பை உடைக்காமல் மூட்டைக் கழற்றும் விதத்தை என் மேசையில் விரலால் கீறிக் காட்டினான். கண்டபடி கொத்தினால் எலும்புச் சில்லு குழந்தைகளின் பல்லில் கடிபடும் என்றான்.

கடைக்கு இது போதாது. 20 கிலோ ஆட்டை உரித்துக் குடல் நீக்கினால் 8 முதல் 10 கிலோதான் மிஞ்சும். அதிலும் எலும்பு உண்டு. கணக்குத் தெரியாதவன் தொடையில் உழைத்ததைக் கழுத்தில் விடுவான். அறுத்த கையோடு கடுங்குளிரில் வைத்தால் தசை சுருங்கி இறைச்சி இறப்பராகிவிடும். செத்த உடலில் வரும் விறைப்பு ஏறும்வரை மெல்லக் குளிரவிட்டுத்தான் 4 பாகை செல்சியசுக்குக் கீழே இறக்க வேண்டும். அறுத்தவுடன் தசையில் இன்னும் சுருங்குவதற்கான சக்தி மிஞ்சியிருப்பதே காரணம். உயிரியல் படித்தவனுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

முதலில் பெரிய விடுதியொன்றின் சமையற்கூடத்திலோ சுப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பகுதியிலோ உதவியாளாகச் சேரட்டும். சொந்தக் கடை பிறகு. அதற்கு 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச சபையில் விசாரியுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் விற்பனை இல்லை என்பதையும் வருமானக் கணக்கில் சேருங்கள்.

கலியாணப் பேச்சில் என்ன சொல்வது என்கிறீர்கள். அப்படிக் கேட்கும் சொந்தக்காரர்தான் ஞாயிறு காலையில் ஈரல் கொஞ்சம் கூடப் போடச் சொல்கிறார்கள்.

அடுத்த நான்கு பங்குகளுக்கும் உயிர் எடை, உரித்த எடை, எலும்பு எடை மூன்றையும் தம்பி கொப்பியில் எழுதட்டும். அதோடு வாருங்கள். அண்ணரின் தொலைபேசி இலக்கத்தையும் கொண்டுவாருங்கள்; அவருடன் நான் பேசுகிறேன்.